அஃபென்சுக்கு ஆள் எடுத்தோம்

அமெரிக்காவில் மூன்று வருடம் குடித்தனம் செய்தவள் என்ற ஒரே காரணத்துக்காக என்னை அந்த இன்டர்வியூ குழுவில் போட்டார்கள். கல்லூரியில் நான் கணக்கு எடுப்பவள். முதல் வருடம் பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு மேட்ரிக்ஸ் நடத்துவதுதான் என் பிழைப்பு. அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒஹையோவில் நாங்கள் இருந்த ஊரில் சனிக்கிழமையானால் கார் நிறுத்துகிற மைதானங்களில் அடுப்பை வைத்துக் கறி சுடுவார்கள், அன்றைக்குக் கடைக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இதை அப்படியே பிரின்சிபாலிடம் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது சார், வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "மீக்கு தெலுசு மேடம்" என்றார். உங்களுக்குத் தெரியும் என்று அவரே சொல்லிவிட்ட பிறகு நான் என்ன சொல்வது? தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இது இரண்டாயிரத்துப் பத்து வாக்கில். ஹைதராபாத்தில் போலாரம் தாண்டி, ராணுவத்தின் நீண்ட மதில் முடிந்து, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் கல்லூரி. தாளாளரின் மகன் டெக்சாஸில் படித்துவிட்டுத் திரும்பியபோது ஒரு மூட்டைப் பந்துகளோடு வந்தார். கால்பந்து என்று பெயர், ஆனால் காலால் உதைப்பது எப்போதாவதுதான். பந்தும் உருண்டை இல்லை, பப்பாளிக்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூர். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓட, மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். பிறகு எல்லோரும் எழுந்து, வட்டமாக நின்று குசுகுசுவென்று பேசுகிறார்கள். மறுபடி விழுகிறார்கள். வந்திறங்கிய நிஜ ஹெல்மெட்டுகள் பாதிப் பேருக்குத்தான் போதுமாக இருந்தன. மீதிப் பேர் கிரிக்கெட் ஹெல்மெட்டோடு நின்றார்கள். முதல் தடவை பார்த்தபோது ஏதோ சாலை விபத்து விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றுதான் நினைத்தேன்.

இந்த விளையாட்டில் பந்தை முன்னே கொண்டுபோகிறவர்கள் ஒரு கட்சி, எதிராளியைத் தடுக்கிறவர்கள் ஒரு கட்சி. ஒரே அணிதான், ஆனால் ஆட்கள் வேறு வேறு. முன்னே கொண்டுபோகிற கட்சிக்கு அஃபென்ஸ் என்று பெயர். அந்தப் பதினோரு பேரில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், பந்து யாருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் வெளியே நின்று யோசித்துச் சொல்ல ஓர் ஆள். அவர்தான் அஃபென்சிவ் கோஆர்டினேட்டர். எங்கள் அணிக்கு மாதாப்பூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் பையன் ஞாயிறுதோறும் வந்து அதைச் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு விசா கிடைத்தது. அமெரிக்க விளையாட்டைச் சொல்லிக்கொடுக்க வந்தவன் அமெரிக்காவுக்கே போய்விட்டான். பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரி அணி விளையாட வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அதற்குள் புது ஆள் வேண்டும். தாளாளரின் மகன் தானே ஒருவரைப் பார்த்து வைத்திருக்கலாம். அவரோ, 'நான் எடுத்தால் சொந்தக்காரனை எடுத்தான் என்பார்கள், காலேஜ் முறைப்படி நீங்களே எடுங்கள்' என்று போனில் சொல்லிவிட்டு டெக்சாஸ் பக்கம் போயிருந்தார். விஷயம் தெரிந்த ஒரே ஆளும் இல்லாமல் விஷயம் தெரியாத மூன்று பேர் கூடினோம்: பிரின்சிபால், கபடி ஆடி வளர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர், நான்.

என் கணவருக்கு அப்போது வேலை இல்லை. ஒஹையோவில் அவர் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் விசாக்காரர்களைத்தான் குறைத்தது. போவன்பள்ளியில் ஒரு ஃபிளாட் பிடித்து வந்து உட்கார்ந்தோம். எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர் ஒவ்வொரு கம்பெனியாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. பக்கத்து ஃபிளாட்டுக்காரர்களிடம் "கன்சல்டிங் பண்றேன்" என்பார். காலையில் எழுந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு மொத்தக் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். அங்கே கூடைக் கணக்கில்தான் கொடுப்பார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கூடைத் தக்காளி வரும். தொக்கு செய்தேன், ரசம் வைத்தேன், அக்கம்பக்கத்தில் கொடுத்தேன், மறுநாள் கத்தரிக்காய் வந்தது. நான் தடுக்கவில்லை. அந்த ஒரு இடத்தில்தான் அவரை வா வா என்று கூப்பிட்டார்கள்.

ஆனால் இந்த விளையாட்டு அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட்டிருந்தார். அப்புறம் சனிக்கிழமை முழுக்க டிவிதான். எனக்கும் விளக்கிச் சொல்லிப் பார்த்தார், நான் சோபாவிலேயே தூங்கிவிடுவேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது, கல்லூரியில் இப்படி ஒரு ஆள் தேடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

"நான் அப்ளை பண்ணட்டா?"

"நானே அந்தக் கமிட்டியில இருக்கறேனுங்க."

"இருந்தா இருந்துட்டுப் போ. நீ ஒன்னும் சொல்ல வேண்டாம். மெரிட்ல பாக்கட்டும்."

சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர வேண்டும், பெட்ரோலுக்கு ஏதோ கொடுப்பார்கள். ஆனால் யாராவது ஒருத்தர் 'நீங்கள்தான் வேண்டும்' என்று சொல்லி இந்த மனுஷன் கேட்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. இந்தத் தடவையும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றால் அவர் மார்க்கெட்டிலேயே குடியிருக்கப் போய்விடுவார் என்று பயந்தேன்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஈரோட்டுப் பக்கம். யார் வீட்டுக்காவது போனால், பசி உயிர் போனாலும், "இப்பத்தானுங்க சாப்பிட்டேன்" என்றுதான் தொடங்குவோம். அவர்கள் விடக் கூடாது. இரண்டாவது முறையும் வேண்டாம் என்போம். மூன்றாவது முறை கையைப் பிடித்து உட்காரவைத்தால் சாப்பிடுவோம். கேட்ட உடனே சரி என்று உட்காருகிறவனை அல்பம் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். ஒஹையோவில் பக்கத்து வீட்டு அம்மாள் கேக் நீட்டியபோது நானும் வேண்டாம் என்றேன். அவர் "ஓகே" என்று மூடி போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார். பசியோடு வீட்டுக்கு வந்து தயிர் சோறு தின்றேன். என் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது அமெரிக்கா, அவர்களுக்கு மரியாதை தெரியாது என்று விட்டுவிட்டேன். ஹைதராபாத் அப்படி இல்லையே. இங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனால் நம்மை எழவே விடாமல் பிரியாணியைப் போடுகிறவர்கள்.

இன்டர்வியூ அன்று இரண்டு பேர்தான் வந்தார்கள். எங்கள் கல்லூரியில் யாரை எடுப்பதென்றாலும் ஒரே முறைதான், டெமோ கிளாஸ். வந்தவர் கரும்பலகையில் பாடம் நடத்த வேண்டும், குழு மாணவர்களைப் போல பெஞ்சில் உட்கார்ந்து சந்தேகம் கேட்கும். கெமிஸ்ட்ரிக்கும் அதுதான், லைப்ரரியனுக்கும் அதுதான். மைதானம் பத்தடி தூரத்தில் காலியாகக் கிடந்தது. அங்கே போய்ப் பார்க்கலாம் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் வந்தவர் ஒரு கால் சென்டரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர், ஹைதராபாத்துக்காரர். வாயைத் திறந்தால் நான் ஒஹையோவில் கேட்ட அதே அமெரிக்க இங்கிலீஷ். பிரின்சிபால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆடி ஆடியே இதையெல்லாம் கற்றுக்கொண்டதாகவும் நிஜப் பந்தைத் தொட்டதே இல்லை என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆட்கள் நிற்கிற இடங்களை வட்டமும் பெருக்கல் குறியுமாகப் போட்டுப் பலகை முழுக்க நிரப்பினார். பிரின்சிபால், "சிலபஸ் எத்தனை யூனிட் வரும்?" என்று கேட்டார். அவரும் அசராமல் ஐந்து என்றார். ஏன் ஐந்து என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் பிரின்சிபாலுக்கு விளங்கியது.

அடுத்தது என் கணவர். ஒஹையோவில் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது இப்போது கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. அவர் பலகைப் பக்கமே போகவில்லை. நாற்காலிகளை இழுத்து வரிசையாக நிறுத்தினார். பிரின்சிபாலை எழுப்பி ஓரத்தில் நிற்கவைத்தார். உடற்பயிற்சி ஆசிரியரை எதிரே நிறுத்தினார். என்னிடம் டஸ்டரைக் கொடுத்து, "நீங்கதான் பந்த வீசப் போறீங்க, மேடம்" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு வியர்த்துவிட்டது.

ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார். "ரொம்ப டைம் இருக்காதுங்க மேடம். மொத ஆளப் பாருங்க, அவன மறிச்சுட்டாங்கன்னா ரெண்டாவது ஆள். யாருக்கு வீசப் போறீங்கன்னு மொகத்துல காட்டக் கூடாது. ஆனா வீசற நேரத்துக்கு வீசீரணும். கையிலயே வெச்சுட்டு நின்னீங்கன்னா அடிச்சுத் தள்ளீருவாங்க."

"ரெடி" என்றார். பிரின்சிபால் ஓரத்தில் இரண்டடி ஓடினார். அவருக்கு வீசுவதா, காலி நாற்காலிக்கு வீசுவதா என்று நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்க, உடற்பயிற்சி ஆசிரியர் பாய்ந்து வந்து எனக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தொட்டுவிட்டுக் கபடி ஆட்டத்தில் போலவே தன் எல்லைக்குத் திரும்பி ஓடினார். எல்லோரும் சிரித்தோம். என் கணவரும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த நிமிஷம், மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதில் கால்வாசி எனக்குப் புரிந்தது. இவர்தான் ஆள் என்பது முழுசாகவே புரிந்தது.

இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினோம். கதவு பிளைவுட். எங்கள் கல்லூரியில் ஆளெடுக்கும்போது குழுவில் இளையவரைத்தான் முதலில் கேட்பார்கள். பெரியவர் சொல்லிவிட்டால் சின்னவர் வாயே திறக்க மாட்டார் என்பதற்காக அந்த ஏற்பாடு.

"மேடம், செப்பண்டி" என்றார் பிரின்சிபால். சொல்லுங்கள் என்கிறார்.

என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. சொந்தப் புருஷனை நானே எடுங்கள் என்று எப்படிச் சொல்வது? நான் வேண்டாம் என்பேன், அதெப்படி மேடம், சார்தான் நன்றாகச் செய்தார் என்று அவர்கள் சொல்வார்கள், நான் இன்னொரு முறை மறுப்பேன், அவர்கள் விடமாட்டார்கள், முடிந்தது. அதுதானே முறை? தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். "அவர் எங்க வீட்டுக்காரர், சார். நான் சொல்லக் கூடாது. அந்தக் கால் சென்டர்க்காரரையே எடுத்துக்கலாம். அவருக்குத்தான் விஷயம் நல்லாத் தெரியுது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

உடற்பயிற்சி ஆசிரியர் மேஜையில் தட்டினார். "பீவீகுச் மாலூம் ரெஹ்தா நா, சார்" என்றார். பெண்டாட்டிக்குத்தானே தெரியும்! பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். கட்டினவளே இப்படிச் சொல்கிறாள் என்றால் ஏதோ இருக்கும், சொந்தக்காரர் என்றும் பார்க்காமல் உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். கால் சென்டர்க்காரரின் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியமாகச் சொன்னபோது அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட மனுஷன், அடக்கத்துக்காகச் சொன்னதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டார். இல்லை சார், நான் சொன்னதற்கு அர்த்தம் அது இல்லை என்று ஆரம்பித்தேன். "பரவாலேது மேடம், மீ நிஜாயித்தி நாக்கு தெலுசு" என்று எழுந்துவிட்டார். என் நேர்மை அவருக்குத் தெரியுமாம். அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் வேறு என்னை உதாரணம் காட்டிப் பேசினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அன்று கதவைத் திறந்தபோது என் கணவர் அந்தக் கால் சென்டர்க்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "கங்கிராட்ஸ், ஆல் தி பெஸ்ட்" என்று ஆங்கிலத்தில் வாழ்த்தினார். நாங்கள் யாரை எடுத்தோம் என்று இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதை நான் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, ராணுவ மதில் பாதி கடந்த பிறகுதான் யோசித்தேன். அப்படியானால் அவர் கேட்டிருக்கிறார். என் குரலில், என் வார்த்தையில்.

"ஏனுங்க..." என்றேன்.

"விடு, பரவால்ல. நீ சொன்னது சரிதான். அந்தப் பையன் நல்லாத்தான் பேசறான்."

நிஜமாகவே சொல்கிறாரா, இல்லை முறைக்குச் சொல்கிறாரா? எதிரே இருந்து முகத்தைப் பார்த்தாலாவது ஏதாவது தெரியும். பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு ஹெல்மெட்தான் தெரிந்தது. நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும், அவரும் அதே ஊர்தானே என்று ஒரு மனம் சொன்னது. நிஜமாகவே இவள் என்னை லாயக்கில்லாதவன் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருந்தால் என்று இன்னொரு மனம் பதறியது. வீட்டுக்கு வந்த பிறகும் விளக்கிச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "அதத்தான் அன்னிக்கே பேசிட்டமே" என்று எழுந்துபோய்விடுவார். அன்றைக்கு நாங்கள் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. அந்த வாரங்களில் வீட்டுக்கு முட்டைக்கோஸ் கூடை கூடையாக வந்தது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் நறுக்கினேன்.

பெங்களூர் அணி வந்த ஞாயிற்றுக்கிழமை, "நான் எதுக்கு, நீ போய்ட்டு வா" என்றார். நான் மறுபடி கூப்பிட்டேன். இன்னொரு முறையும் கூப்பிட்டேன். வண்டியை எடுத்தார்.

கேலரி என்பது நாலு சிமெண்ட் படி. மேல்படியில் உட்கார்ந்தோம். எங்கள் அஃபென்ஸ் பிள்ளைகள் பாடத்தை நெட்டுருப் போட்டு வந்திருந்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் எதிராளி அந்தப் பாடத்தைப் படிக்காமல் வந்திருந்தான். இடப்பக்கம் ஓட வேண்டியவன் ஓடினால் அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் இருவர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். கோட்டுக்கு வெளியே கால் சென்டர்க்காரர் நின்ற இடத்தில் அவரது இரண்டு கட்டைவிரல்களும், கையில் இல்லாத ஏதோ பொத்தானை அழுத்துவதுபோல அசைந்துகொண்டே இருந்தன. பாவமாக இருந்தது. என் கணவர் ஒவ்வொரு தடவை பந்து கிளம்புவதற்கு முன்னும் மூச்சுக்குள், "அந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் இல்ல" என்று முணுமுணுத்தார்.

பாதி நேர இடைவேளையில் கால் சென்டர்க்காரர் கேலரிக்குக் கீழே வந்து நின்றார். அந்த அமெரிக்க இங்கிலீஷ் எங்கேயோ போயிருந்தது. "சார், ஆயியே நா. ப்ளீஸ்" என்று கும்பிடாத குறையாகக் கூப்பிட்டார். கீழ்ப்படியில் இருந்த பிரின்சிபாலும் உடற்பயிற்சி ஆசிரியரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நோ, நோ" என்றார் என் கணவர். "யூ ஆர் டூயிங் ஃபைன். கேரி ஆன்."

கால் சென்டர்ப் பையன் "ஓகே சார்" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

நான் என் கணவரின் காலைப் பார்த்தேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஓட்டத்துக்குப் போடுகிற ஷூவைப் போட்டிருக்கிறார், நான் கவனிக்கவில்லை. கயிறு இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு கால் ஏற்கெனவே அடுத்த படியில் இருந்தது. பையன் போய்க்கொண்டே இருந்தான்.

"ஆகண்டி!" என்று கத்தினேன். நில்லுங்கள் என்று. எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. "வஸ்தாரு! ஆயன வஸ்தாரு! வர்றாரு, இருங்க! இவருதான் வேணும், இவர எடுத்துக்கங்க!"

தெலுங்கா, தமிழா, எது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. கேலரி முழுக்கத் திரும்பியது. பிரின்சிபால் வாயைத் திறந்தபடி பார்த்தார். அவருடைய நேர்மையான மேடம் படியில் எழுந்து நின்று, சொந்தப் புருஷனை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தாள். பையன் நின்றுவிட்டான்.

என் கணவர் மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். இப்போதாவது முகம் எதிரே இருந்தது. சிரிக்கிறாரா, அழப்போகிறாரா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?" என்றார். படிகளில் இறங்கி மைதானத்துக்கு ஓடினார்.